பெயரின் ஒருமை: தரவுத்தளத்தில் தமிழ் எழுத்தும் மெய்யியலின் பழைய வினாவும்

ஒரு பெயர் இரண்டு இடங்களில் எழுதப்பட்டிருக்கும்போது, அவை இரண்டும் ஒரே பெயர்தானா என்பதை எதைக் கொண்டு முடிவு செய்வது என்னும் வினா, சொல்லின் இயல்பைப் பற்றி இந்திய மெய்யியல் நிகழ்த்திய நெடிய விவாதங்களின் அடியில் கிடந்த வினாக்களுள் ஒன்று. வேத விளக்க நெறியினராகிய மீமாம்சகரும் தருக்க நெறியினராகிய நையாயிகரும் இலக்கண நூலாரும் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்ட அவ்வினா, இன்று கணினியின் தரவுத்தளங்களில், அதாவது செய்திகளை அட்டவணைகளாக அடுக்கி வைத்து வேண்டும்போது பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டில், வேறொரு கோலத்தில் எழுந்திருக்கிறது. அட்டவணைக்கும் அதன் நெடுவரிசைகளுக்கும் இடப்படும் பெயர்கள் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டுமா, தமிழ் போன்ற பிற எழுத்துகளிலும் இருக்கலாமா என்பது நிரலாளரிடையே பெரும்பாலும் வசதி பற்றிய கேள்வியாகவே பேசப்படுகிறது. அதை அந்த அளவில் நிறுத்திவிடாமல் பின்தொடர்ந்து சென்றால், எழுத்து என்பது எது, பெயர் என்பது எது, ஒருமை என்பது கண்டறியப்படுவதா ஏற்படுத்திக்கொள்ளப்படுவதா என்னும் இடத்துக்கே அது கொண்டு சேர்க்கிறது.

கணினி அறிவது எண்ணை மட்டுமே ஆதலால், ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணை ஒதுக்கும் உடன்படிக்கை ஒன்று அதற்கு முன்னதாகவே தேவைப்படுகிறது. அந்த உடன்படிக்கைக்கே குறியேற்றம் என்று பெயர். அமெரிக்காவில் 1963இல் வெளியாகி, சில ஆண்டுகளில் சிற்றெழுத்துகளையும் சேர்த்துக்கொண்ட ஆஸ்கி என்னும் குறியேற்றம் 128 இடங்களைக் கொண்டது. ஆங்கிலத்துக்கு வேண்டிய எழுத்துகளும் எண்களும் நிறுத்தக்குறிகளும் அவற்றுக்குள் அடங்கிவிட்டன. உலக மொழிகள் அனைத்தையும் ஒரே எண்வரிசையில் அமர்த்த முனைந்த ஒருங்குறி 1991இல் வெளிவந்தது. அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரையிலான இடங்கள் ஒதுக்கப்பட்டன. இந்த எண்களைக் கணினியின் நினைவகத்தில் பைட்டுகளாக, அதாவது எட்டு இருமக் கூறுகள் கொண்ட சிற்றறைகளாக, எழுதும் முறைகளுள் பெருவழக்குப் பெற்றது கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வகுத்த யூடிஎஃப்-8. அம்முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட்டில் அடங்க, தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். தமிழில் பெயரிடுவது பற்றிய தொழில்நுட்பச் சிக்கல்கள் பலவும், மெய்யியல் சிக்கல்கள் அனைத்தும், இந்தச் சிறிய ஏற்பாட்டிலிருந்தே கிளைக்கின்றன.

'கோயில்' என்னும் பெயரை எடுத்துக்கொள்ளலாம். அதன் முதலெழுத்தை ஒருங்குறியில் இரண்டு வழிகளில் எழுத முடியும். ககரத்தின் எண்ணாகிய 2965ஐ அடுத்து, இரட்டைக் கொம்பையும் காலையும் ஒரே குறியாகக் கொண்ட 3019ஐ இடுவது ஒரு வழி. 2965ஐ அடுத்து இரட்டைக் கொம்புக்குரிய 3015ஐயும் காலுக்குரிய 3006ஐயும் தனித்தனியே இடுவது மற்றொரு வழி. திரையில் தோன்றும் வடிவம் ஒன்றே, வாசிப்பவர் எழுப்பும் ஒலி ஒன்றே, பொருளும் ஒன்றே. ஆயினும் முதல் வழியில் அச்சொல் ஆறு குறிகளும் 18 பைட்டுகளும் கொண்டதாகவும், இரண்டாம் வழியில் ஏழு குறிகளும் 21 பைட்டுகளும் கொண்டதாகவும் அமைகிறது. போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தள மென்பொருள் அட்டவணைப் பெயர்களைப் பைட்டுக்குப் பைட்டு ஒப்பிடுவதால், ஒரே தரவுத்தளத்தில் 'கோயில்' என்னும் பெயருடைய இரண்டு அட்டவணைகள் அருகருகே இருக்க முடியும்; ஒரு வழியில் பெயரிட்ட அட்டவணையை மற்றொரு வழியில் தட்டச்சிட்டு அழைப்பவருக்கு, அப்படி ஓர் அட்டவணையே இல்லை என்னும் விடை கிடைக்கும். பிரித்தறிய முடியாத இரண்டு பொருள்கள் இரண்டல்ல, ஒன்றே என்று லைப்னிட்ஸ் வகுத்த நெறி, யாரால் பிரித்தறிய முடியாதவை என்னும் துணைக்கேள்வியை இங்கே எழுப்பிக்கொள்கிறது. கண்ணால் பிரிக்க முடியாததைக் கணினி பிரித்துவிடுகிறது.

மீமாம்சையின் விடை கண்ணின் பக்கம் நிற்கும். ஒருமுறை ஒலித்த ககரத்தை மறுமுறை கேட்கும்போது 'இது அந்தக் ககரமே' என்று எழும் மீளுணர்வை, வடமொழியில் பிரத்தியபிக்ஞை எனப்படுவதை, மீமாம்சகர் வலுவான சான்றாகக் கொண்டனர். ஒலிப்புகள் தோன்றி மறைகின்றன; எழுத்தோ தோன்றுவதுமில்லை, மறைவதுமில்லை; ஒவ்வோர் ஒலிப்பும் என்றுமுள்ள அதே எழுத்தை வெளிப்படுத்துகிறது என்பது அவர்கள் துணிபு. இந்நோக்கில் கோயிலின் இரு குறியேற்றங்களும் ஒரே பெயரின் இரு வெளிப்பாடுகளாகும். அவற்றைப் பிரிக்கும் கணினி வெளிப்பாட்டையே பொருளாக மயங்குகிறது. நையாயிகர் இதை ஏற்கவில்லை. விளக்கின் சுடர் நொடிதோறும் புதிதாகத் தோன்றினும் 'அதே சுடர்' என்று சொல்லப்படுவது போல, ஒத்த பலவற்றை ஒன்றெனக் கொள்வது மனத்தின் வழக்கம். அந்த வழக்கம் ஒருமைக்குச் சான்றாகாது. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவோ சங்கேதம் எனப்படும் உடன்பாட்டினால் வருவது என்றனர் அவர்கள். தரவுத்தளத்தின் நடைமுறை நையாயிகரின் பக்கம் சாய்வதாகத் தோன்றினும், ஒருங்குறியே மீமாம்சைக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறது. இயல்பாக்கம் எனப்படும் விதிமுறை, ஒத்த குறித்தொடர்கள் எவை எவை என்று பட்டியலிட்டு, அவற்றுள் ஒன்றையே நிலைவடிவமாகக் கொள்ளச் சொல்கிறது. அவ்விதிமுறைப்படி சீர்செய்துகொண்டபின் கோயில் மீண்டும் ஒரே கோயிலாகிறது. இங்கே கவனிக்கத்தக்கது, மீமாம்சகர் இயல்பிலேயே உள்ளதென்ற ஒருமை, நையாயிகர் சொன்ன உடன்பாட்டின் வழியாகவே கணினிக்குள் நுழைகிறது என்பதாகும்.

இந்த உடன்பாட்டுக்கும் எல்லை உண்டு. மீமாம்சா சூத்திரத்துக்கு உரை வகுத்த சபரர், பசுவைக் குறிக்கும் 'கௌ' என்னும் வடசொல்லை எடுத்துக்கொண்டு, இதில் சொல் என்பது எது என்று வினவி, ககரமும் ஔகாரமும் இறுதி விசர்க்கமுமே சொல் என்னும் விடையை உபவர்ஷரின் கருத்தாகப் பதிவு செய்கிறார். பிற்காலத்தில் இலக்கண நூலாராகிய பர்த்ருஹரி, எழுத்துகளின் தொகுதி சொல்லாகாது, அவற்றால் வெளிப்படும் பிரிக்க முடியாத முழுமையே சொல் என்று வாதிட்டு, ஸ்போடம் என்னும் கொள்கைக்கு நிலையான வடிவம் தந்தார். அந்த விவாதத்தின் எடுத்துக்காட்டாகிய 'கௌ' தமிழ்த் தட்டச்சில் மிகுந்த குழப்பம் தரும் எழுத்தாக அமைந்திருப்பது தற்செயலே எனினும் பொருத்தமானது. ககரத்தோடு ஔகாரக் குறியாகிய 3020ஐச் சேர்ப்பது முறையான வழி. ஆனால் ஒற்றைக் கொம்பிட்ட 'கெ'யை அடுத்து ளகரத்தைத் தட்டச்சிட்டாலும் பெரும்பாலான எழுத்துருக்களில் அதே தோற்றமே கிடைக்கும். 'கௌரி' என்று இரண்டு பதிவுகளில் காணப்படும் பெயருள் ஒன்று உண்மையில் 'கெ-ள-ரி' என்று எழுதப்பட்டதாக இருக்கக்கூடும். இயல்பாக்க விதி இவ்விரண்டையும் ஒன்றாக்காது. ஏனெனில் ளகரம் ஓர் எழுத்து, ஔகாரக் குறியின் வலப்பகுதி எழுத்தன்று. எழுத்துகளின் தொகுதியே சொல் என்போர் இவை இரண்டு சொற்கள் என்பர். முழுமையே சொல் என்போர், எழுதியவர் கருதியதும் வாசிப்பவர் உணர்வதும் ஒரே பெயராதலால் இது ஒரே சொல்லின் பிழையான வெளிப்பாடு என்பர். தரவுத்தளத்தைப் பேணுபவர் இவ்விரு கொள்கைகளுள் ஒன்றைப் பின்பற்றியே தீர வேண்டியிருக்கிறது. தாம் பின்பற்றுவது எது என்பதை அவர் அறியாமலிருக்கலாம்.

இத்தகைய குழப்பங்களைத் தவிர்க்கப் பெயர்களை ஆங்கில எழுத்திலேயே இட்டுவிடலாம் என்னும் அறிவுரைக்கு நியாயம் இல்லாமலில்லை; ஆனால் அது ஒரு குறையை நீக்கி அதற்கு எதிரான குறையைக் கொண்டுவருகிறது. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தால் எழுதி ஒரு நெடுவரிசைக்கு 'பணி' என்று பெயரிட்டவர் விட்டுச்சென்ற நான்கு எழுத்துகளைப் பின்னால் வருபவர் பணி என்றும் வாசிக்கலாம், பனி என்றும் வாசிக்கலாம், பாணி என்றும் வாசிக்கலாம். மருத்துவமனையின் அட்டவணையில் உள்ள ஒரு நெடுவரிசை வலியைக் குறிக்கிறதா, வழியைக் குறிக்கிறதா, வளியைக் குறிக்கிறதா என்பதை எழுத்தைக் கொண்டு சொல்ல முடியாமல், உள்ளே இருக்கும் தரவைத் திறந்து பார்த்தே சொல்ல வேண்டியிருக்கும். ஒருங்குறியில் ஒன்று இரண்டாகிவிடுவது குறை எனில், ஒலிபெயர்ப்பில் இரண்டும் மூன்றும் ஒன்றாகிவிடுவது குறை. தமிழ் எழுத்து பேணும் வேறுபாட்டை ஆங்கில எழுத்து பேணாததும், தமிழ் வாசகர் பொருட்படுத்தாத வேறுபாட்டைப் பைட்டு பொருட்படுத்துவதும் ஒரே உண்மையின் இரு முகங்கள்: எந்த வேறுபாடு பெயரை மாற்றும், எது மாற்றாது என்பது குறிகளுக்குள் இல்லை, அவற்றைப் பயன்படுத்தும் மக்களின் உடன்பாட்டில் இருக்கிறது.

அந்த உடன்பாடுகூட ஒன்றாக இருப்பதில்லை. நோக்கத்துக்கேற்ப மாறுகிறது என்பதைத் தமிழ்ச் சமய மரபு தெளிவாகக் காட்டுகிறது. சைவம் போற்றும் திருவைந்தெழுத்தாகிய நமசிவாய என்பதில் ந, ம, சி, வா, ய என்று எண்ணப்படும் எழுத்துகள் ஐந்து. சைவ சித்தாந்தம் அவற்றுள் நகரத்தை மறைத்தலாகிய திரோதத்துக்கும், மகரத்தை மலத்துக்கும், சிகரத்தைச் சிவத்துக்கும், வகரத்தை அருளுக்கும், யகரத்தை உயிருக்கும் உரியதாகக் கொண்டு, முழுத் தத்துவத்தையும் அந்த எண்ணிக்கையின் மேல் எழுப்புகிறது. ஒருங்குறியில் அதுவே ஏழு குறிகள். யூடிஎஃப்-8இல் 21 பைட்டுகள். வைணவத்தின் திருவெட்டெழுத்தில் ஓம் ஒன்றாகவும், நமோ இரண்டாகவும், நாராயணாய ஐந்தாகவும் எண்ணப்படுகின்றன. தமிழ் இலக்கணப்படி ஓகாரமும் மகர மெய்யும் தனித்தனி எழுத்துகளாதலால் அங்கே ஒன்பது எழுத்துகள் உள்ளன. இடைவெளி நீக்கி ஒருங்குறியில் எண்ணினால் 14 குறிகள். இவற்றுள் எது சரியான எண்ணிக்கை என்று கேட்பது பொருளற்றது. யாப்பிலக்கணமே கட்டளைக் கலித்துறையின் அடியில் ஒற்றெழுத்தை நீக்கி 16 அல்லது 17 எழுத்துகள் இருக்க வேண்டும் என்று விதித்து, மெய்யை எழுத்தாகக் கொண்ட அதே மரபுக்குள் அதை எண்ணாமல் விடவும் இடம் தந்தது. மந்திரத்துக்கு ஓர் எண்ணிக்கை, யாப்புக்கு ஓர் எண்ணிக்கை, எழுத்ததிகாரத்துக்கு ஓர் எண்ணிக்கை என்று வாழ்ந்த மரபுக்கு, நினைவகத்துக்கு இன்னோர் எண்ணிக்கை என்பது புதுமையாகத் தோன்ற வேண்டியதில்லை.

எனினும் எண்ணிக்கையின் பின்னால் எது முதல், எது வழி என்னும் முன்பின் பற்றிய கேள்வி ஒன்று உள்ளது. அது அவ்வளவு எளிதில் தீர்வதில்லை. தொல்காப்பியத்தின்படி உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் முதலெழுத்துகள். ககர மெய்யோடு அகரம் கூடியே 'க' பிறக்கிறது. ஒருங்குறியோ 'க'வை முதலாகக் கொண்டு, அதோடு 3021 என்னும் எண்ணுடைய புள்ளியைச் சேர்த்து 'க்' என்னும் மெய்யை ஆக்குகிறது. உடல் முதலாகவும் உயிரேற்றம் பின்னதாகவும் இருந்த முறை, உயிருள்ளது முதலாகவும் உயிர் நீக்கம் பின்னதாகவும் தலைகீழாகிறது. எழுதும் கைக்கு ஒருங்குறியின் வழி இயல்பானது, ஏனெனில் கை முதலில் 'க'வை எழுதிப் பின்னரே மேலே புள்ளி வைக்கிறது. ஒலிக்கும் வாய்க்கு இலக்கணத்தின் வழி இயல்பானது. ஒருங்குறி இந்த அமைப்பை இந்திய எழுத்துகள் அனைத்துக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட இஸ்கி என்னும் குறியேற்றத்திலிருந்து பெற்றதால், 2965இல் ககரத்தை வைத்தபின், தமிழில் தனி எழுத்தில்லாத மூன்று வடமொழிக் ககரங்களுக்குரிய இடங்களை வெறுமையாக விட்டு, 2969இல் ஙகரத்தை வைக்கிறது. னகரமும் றகரமும் தமிழ் நெடுங்கணக்கின் இறுதியில் நிற்க, எண்வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தும் றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்பதால், பைட்டு மதிப்பை மட்டும் கொண்டு அகரவரிசைப்படுத்தினால் தமிழ் முறை பிறழ்ந்துவிடும். மெய்க்கும் உயிர்மெய்க்கும் தனித்தனி இடமளித்த டேஸ்-16 என்னும் குறியேற்றத்தைத் தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியோடு சேர்த்துத் தரப்பாடாக ஏற்றதன் பின்னால் இருந்தது இந்த மனக்குறையே. பயன்பாட்டில் ஒருங்குறியே நிலைத்தது. ஆனால் எழுத்து என்றால் எது என்பதற்குத் தொழில்நுட்பத் தரப்பாடும் இலக்கணமும் இருவேறு விடைகள் தருகின்றன என்பதை அந்த முயற்சி மறுக்க முடியாதபடி வெளிக்கொணர்ந்தது.

ஆங்கில எழுத்து இத்தகைய சார்புகள் ஏதுமில்லாத பொதுநிலம் என்னும் எண்ணமும் ஆராயத்தக்கதே. தரவுத்தளங்கள் பலவும் பெயரிலுள்ள பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகக் கொள்ளும்பொருட்டு ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொள்கின்றன. ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு பெயரை மாற்றாது என்னும் உடன்பாடு அங்கே இயற்கை விதிபோல் உள்ளுறைந்திருக்கிறது. 1928இல் இலத்தீன் எழுத்துக்கு மாறிய துருக்கி மொழியில், மேலே புள்ளியுள்ள 'ஐ' ஓர் எழுத்து, புள்ளியில்லாத 'ஐ' வேறோர் எழுத்து. ஆகவே துருக்கி மொழி அமைப்பில் இயங்கும் கணினியில் ஆங்கிலப் பேரெழுத்து 'ஐ'யைச் சிற்றெழுத்தாக மாற்றும் நிரல், புள்ளியில்லாத வடிவத்தை விடையாகத் தந்து, இருந்த பெயரை இல்லாததாக்கிவிடுவது நிரலாளர் நன்கறிந்த இடையூறு. எழுத்தளவில் மட்டுமன்றிக் கருத்தளவிலும் பெயர்கள் தம் ஊரைச் சுமந்தே வருகின்றன. முதற்பெயர், குடும்பப்பெயர் என்னும் இரு நெடுவரிசைகளை ஆங்கில வழக்கப்படி அமைத்துவிட்டால், தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொண்டு ஒற்றைப் பெயரோடு வாழும் தமிழர், இல்லாத குடும்பப்பெயரின் இடத்தில் தந்தையையோ தம்மையோ நிரப்ப வேண்டியவராகிறார். இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று நன்னூல் பகுத்த பகுப்பில், தரவுத்தளப் பெயர்கள் இடுகுறிபோல் தோன்றினும், ஒரு சமூகம் மனிதரை எவ்வாறு பகுத்துப் பார்க்கிறது என்னும் காரணத்தை உள்ளே கொண்டவை.

இவற்றால், தமிழில் பெயரிடுவதே நெறி, ஆங்கிலத்தில் பெயரிடுவது பிழை என்னும் முடிவு பெறப்படுவதில்லை. பெயரின் ஒருமை எந்த எழுத்திலும் தானாகக் கிடைப்பதில்லை என்பதும், அதை உண்டாக்கும் உடன்பாட்டை யாரேனும் செய்தே ஆக வேண்டும் என்பதும், ஆங்கிலத்தில் அது முன்பே செய்யப்பட்டு மறக்கப்பட்டிருக்கத் தமிழில் இன்னும் கண்முன் நிற்கிறது என்பதுமே பெறப்படுகின்றன.

அந்த உடன்பாடு செய்யப்படாதபோது நிகழ்வதை ஒரு பெயரைக் கொண்டு காணலாம். போஸ்ட்கிரெஸ் தன் இயல்பான அமைப்பில் 63 பைட்டுகளுக்கு மேற்பட்ட பெயரை ஏற்பதில்லை. மிகுந்ததை வெட்டிவிட்டு, வெட்டியதாக ஓர் அறிவிப்பை மட்டும் தரும். 'நகரக்கூட்டுறவுச்சங்கம்' என்று ஓர் அட்டவணைக்குப் பெயரிட்டால், அது இலக்கணப்படி 14 எழுத்துகள், ஒருங்குறியில் 22 குறிகள், 66 பைட்டுகள். மென்பொருள் குறியின் இடையில் வெட்டாமல் கவனமாக இறுதிக் குறியை மட்டும் நீக்குகிறது. நீங்கும் அந்த மூன்று பைட்டுகள் மகரத்தின் மேலிருந்த புள்ளி. எஞ்சி நிற்பது 'நகரக்கூட்டுறவுச்சங்கம'.

புள்ளியில்லாத எழுத்து தமிழுக்குப் புதியதன்று. மெய் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், எழுத்தாணியால் ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளியிடாமலே விட்டனர். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் இடையிலான வேறுபாடும் அவ்வாறே ஓலையில் காணாமற்போக, அதை வரிவடிவத்தில் தெளிவுபடுத்திய மாற்றம் வீரமாமுனிவர் பெயரோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. அத்தனை நூற்றாண்டுகளிலும் ஓலையை வாசித்தவர் விடுபட்ட புள்ளியைத் தம் மொழியறிவிலிருந்து எடுத்து வைத்து வாசித்தார். எழுதியவருக்கும் வாசித்தவருக்கும் இடையே எழுதப்படாத உடன்பாடு ஒன்று இருந்ததால் பெயர் சிதையவில்லை. தரவுத்தளத்தில் அந்தப் புள்ளியை எடுத்து வைக்க எவருமில்லை. எந்த வடிவத்துக்கு இயல்பாக்கிய பின் பெயரைப் பதிவது, எத்தனை குறிகளுக்குள் பெயரை அடக்குவது, எந்த ஒத்த தோற்றங்களை வாயிலிலேயே தடுப்பது என்பவற்றை வெளிப்படையாக எழுதி வைப்பது, ஓலைக்காலத்து வாசகர் சொல்லாமலே செய்துவந்த பணியைச் சொல்லிச் செய்வதாகும். அதை எழுதி வைக்கும் நிரலாளர், தாம் அறிந்தோ அறியாமலோ, எழுத்து எது என்னும் வினாவுக்குத் தம் பங்குக்கு ஒரு விடையை எழுதிவிடுகிறார்.